பாட்டு யாருடைய உடைமை?

அப்புத்தளையிலிருந்து தம்பதென்னைக்கு ஏறும் மலைப்பாதையில் நின்று பார்ப்பவர், ஊவாவின் தேயிலைச் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழிறங்கிச் செல்வதைக் காண்பர். 1890ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகரான தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து இப்பகுதியில் தோட்டங்களை வாங்கினார். அவர் மலையைத் திருத்தியவருமல்லர், கொழுந்தைப் பறித்தவருமல்லர். பொட்டலத்தின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் அவருடையது. அச்சீட்டு உலகெங்கும் சென்றது. கொழுந்தெடுத்த பெண்ணின் பெயரோ தோட்டத்துச் செக்ரோலைத் தாண்டவில்லை.

பாட்டுக்கும் இவ்வாறே ஒரு பெயர்ச்சீட்டு உண்டு. இசைத்தட்டின் நடுவில் ஒட்டப்படும் வட்டச் சீட்டை ‘லேபிள்’ என்பர். நாளடைவில் அத்தட்டை வெளியிடும் கம்பனிக்கே அது பெயராயிற்று. பாடுகிறவர் ஒருவர், சீட்டுக்கு உரியவர் வேறொருவர். பாட்டைப் பதிக்கும் கருவி, அதைப் பெருக்கும் ஆலை, ஊர்தோறும் கொண்டு செல்லும் வண்டி, ஒலிபரப்பும் நிலையம் ஆகியவற்றை வைத்திருப்பவரே எப்பாட்டு கேட்கப்பட வேண்டும், எப்பாட்டு கேட்கப்படாமல் மடிய வேண்டும் என்று தீர்மானிக்கின்றார்.

இந்நிலையை மாற்ற 1980களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இளைஞர் சிலர் முயன்றனர். அவர்தம் இசை முதலில் ‘கல்லூரி ராக்’ என்றும் பின்னர் ‘மாற்று ராக்’ என்றும் பெயர் பெற்றது. அம்முயற்சி எவ்வாறு தோன்றியது, எதில் வென்றது, எங்கே விலைபோயிற்று என்பதை ஆராய்வது ஊவாவின் ஆசிரியருக்கும் மாணவருக்கும் அயலார் கதையை அறிவதாக மட்டும் முடியாது. அதே பத்தாண்டில் இக்கேள்வி இலங்கையிலும் எழுந்தது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்னர், நமது மலைநாட்டுத் தோட்டங்களிலேயே அதற்கு ஒரு விடையும் கண்டிருந்தனர்.

* * *

1980களின் அமெரிக்காவில் இசைத்தட்டு வணிகம் விரல்விட்டு எண்ணத்தக்க பெருங்கம்பனிகளின் கையில் இருந்தது. வர்த்தக வானொலிகள் அக்கம்பனிகளின் தட்டுகளையே சுழற்றின. 1981இல் தொடங்கிய எம்.டி.வி. தொலைக்காட்சி, பாட்டோடு படத்தையும் சேர்த்து விற்கலாயிற்று. வர்த்தக வானொலியில் உண்மையான சரக்கு பாட்டன்று. கேட்பவரின் செவியே சரக்கு. அதை விளம்பரதாரருக்கு விற்பதே அதன் தொழில்.

இவ்வேலியில் ஓர் இடைவெளி இருந்தது. பண்பலை அலைவரிசையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் கல்விக்கும் இலாபநோக்கற்ற ஒலிபரப்புக்குமென அந்நாட்டுச் சட்டம் ஒதுக்கி வைத்திருந்தது. 1948 முதல் 10 வாட் ஆற்றலுள்ள சிறு நிலையங்களுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. ஒரு சிறு மின்குமிழ் எரியத் தேவையான ஆற்றல் அவ்வளவே. பல்கலைக்கழக மாணவர் இந்நிலையங்களைத் தாமே நடத்தினர். விளம்பரம் இல்லாமையால் எதை ஒலிபரப்புவது என்பதை அவர்களே முடிவு செய்தனர். எந்நிலையம் எத்தட்டை ஒலிபரப்புகிறது என்னும் விவரங்களைத் திரட்டி வெளியிடும் இதழொன்று 1978இல் தோன்றியது. சிறு தட்டுக்கடைகள், படியெடுத்துக் கையால் மடித்து விற்ற சிற்றிதழ்கள், பழைய வண்டியில் ஊரூராகச் செல்லும் குழுக்கள், இரவில் அவர்களைத் தம் வீட்டுத் தரையில் உறங்கவிட்ட இரசிகர்கள் எனப் பெருங்கம்பனியின் துணையின்றியே ஒரு வலை பின்னப்பட்டது. கல்லூரி ராக் என்பது ஓர் இசைவகையின் பெயர் என்பதிலும், இந்த வலையின் பெயர் என்பதே பொருத்தம்.

கலிபோர்னியாவின் சான் பெட்ரோ என்னும் துறைமுகத் தொழிலாளர் ஊரிலிருந்து வந்த மினிட்மென் என்ற மூவர் குழு இவ்வலையின் இயல்பைத் தெளிவாகக் காட்டும். 1984இல் அவர்கள் வெளியிட்ட ‘டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்’ என்ற இரட்டைத் தட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அதற்கு ஆன பதிவுச் செலவு ஏறத்தாழ 1100 டொலர். வாடகை குறைந்த நள்ளிரவு நேரம், முன்பே பயன்பட்ட நாடா, முதல் முறையிலேயே பிழையின்றி வாசிக்கும் பயிற்சி ஆகியவையே அவர்களின் மூலதனம். வியட்நாம் போர், வரலாறு, உழைப்பவன் வாழ்வு ஆகியவற்றைப் பற்றி ஒன்றிரண்டு நிமிடங்களில் பாடி முடித்தனர். சிக்கனத்தை வறுமையின் அடையாளமாகக் கொள்ளாமல் ஒரு கொள்கையாகவே கொண்டனர். 1985 டிசம்பரில் அவர்களின் பாடகர் டி. பூன் வண்டி விபத்தில் இறந்தமையால் குழு கலைந்தது.

ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்னும் பல்கலைக்கழக நகரில் உருவான ஆர்.ஈ.எம். குழு 1981இல் ஒரு சிறு லேபிளின் வழியாகத் தன் முதற் பாடலை வெளியிட்டது. ஆறு ஆண்டுகள் இடைவிடாது ஊரூராகச் சென்று வாசித்த பின்னர், 1987இல் வந்த ‘டொக்கியுமென்ட்’ தொகுதி பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1950களில் முற்போக்காளரை வேட்டையாடிய மக்கார்த்தியின் ஆவி ரீகன் ஆட்சியில் மீண்டும் எழுந்துவிட்டதெனக் குற்றஞ்சாட்டும் பாடலொன்று அதில் உண்டு. இத்தகைய பாடலை மாணவர் வானொலிகளே முன்வந்து ஒலிபரப்பின.

பிரித்தானியாவில் இவ்வியக்கம் தொழிலாளர் இயக்கத்தோடு இன்னும் நெருங்கி நின்றது. 1976இல் இலண்டனில் ஒரு தட்டுக்கடையாகத் தொடங்கிய ரஃப் டிரேட், நாடெங்குமுள்ள சிறு கடைகளை இணைத்து விநியோக வலையொன்றை அமைத்தது. 1984–85ஆம் ஆண்டுகளில் சுரங்கத் தொழிலாளர் தட்சர் அரசை எதிர்த்து ஓராண்டுக் காலம் வேலைநிறுத்தம் செய்தபோது, பில்லி பிராக் என்ற பாடகர் ஒற்றைக் கிதாரோடு சுரங்க ஊர்களுக்குச் சென்று நிதி திரட்டப் பாடினார். 1986இல் அவர் வெளியிட்ட தொகுதியின் பெயர் சோவியத் கவிஞர் மாயகோவ்ஸ்கியின் கவிதைத் தலைப்பொன்றைத் தழுவியது. குறித்த தொகைக்கு மேல் கொடுத்து வாங்காதீர் என்ற அறிவிப்பைத் தம் தட்டின் உறையிலேயே அவர் அச்சிட்டார். விலையைக் கடைக்காரன் தீர்மானிப்பதற்கு முன் பாடகனே தீர்மானித்த செயல் அது.

* * *

இவ்வியக்கத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் வரலாறாகாது. அதன் குறைகளும் வர்க்கத்தின் குறைகளே. கல்லூரி வானொலியை நடத்தியவரும் கேட்டவரும் பெரும்பாலும் வெள்ளை இனத்து நடுத்தர வகுப்பினர். அதே ஆண்டுகளில் நியூயோர்க்கின் கறுப்பின மக்கள் ஹிப்-ஹொப் என்னும் புதிய இசையால் தம் வாழ்வைப் பாடிக்கொண்டிருந்தனர். இரண்டு ஆறுகளும் ஒரே நிலத்தில் பாய்ந்தும் கலந்தது அரிது. தொழிற்சங்கங்கள் ரீகன் ஆட்சியில் நொறுக்கப்பட்டபோது அமெரிக்கக் குழுக்கள் பலவும் தனிமனிதச் சோர்வைப் பாடினவேயன்றி, அச்சோர்வின் காரணத்தைப் பெயர் சொல்லிப் பாடியவை சிலவே.

மேலும், சிறு முதலாளியும் முதலாளியே என்பதை இவ்வரலாறு ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. மினிட்மென், ஹஸ்கர் டூ, சோனிக் யூத் முதலிய குழுக்களை வெளியிட்ட எஸ்.எஸ்.டி. என்னும் லேபிளை நிறுவியவர் ஓர் இசைஞரே. ஆயினும் உரிமைத்தொகைக் கணக்குத் தொடர்பாக அவர்மீது அதிருப்தியுற்றுச் சோனிக் யூத் வெளியேறியது. அக்குழு பிறிதொரு லேபிளில் 1988இல் வெளியிட்ட ‘டேட்ரீம் நேஷன்’ இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கும் ஒலிப்பதிவுகளுள் ஒன்று. கருவி சிறிதாயிருந்தால் மட்டும் போதாது; அதன் கணக்கேடு பாடுகிறவர் பார்வைக்குத் திறந்திருக்கவும் வேண்டும்.

பெருங்கம்பனிகள் இவ்வியக்கத்தை நசுக்க முயலவில்லை, விலைக்கு வாங்கின. 1986இல் ஹஸ்கர் டூவின் தொகுதி வார்னர் கம்பனியின் பெயரோடு வெளிவந்தது. 1988இல் ஆர்.ஈ.எம். அதே கம்பனியில் சேர்ந்தது. அவர்களின் ‘கிரீன்’ என்ற தொகுதி அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள், அதாவது ஜனாதிபதித் தேர்தல் நாளன்று, வெளியிடப்பட்டது. அதே 1988இன் செப்டெம்பரில் ‘பில்போர்ட்’ வணிக இதழ் இவ்விசைக்கெனத் தனித் தரவரிசைப் பட்டியலொன்றைத் தொடங்கியது. பட்டியல் வந்துவிட்டதென்றால் சந்தை வந்துவிட்டதென்று பொருள். 1991இல் ரஃப் டிரேட்டின் விநியோக அமைப்புக் கடனில் மூழ்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் நிர்வாணா என்ற குழு பெருங்கம்பனி ஒன்றின் வழியாக ‘நெவர்மைண்ட்’ தொகுதியை வெளியிட்டது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் தொகுதியைத் தள்ளி முதலிடம் பிடித்தது. இதே குழு 1989இல் சிறு லேபிளொன்றுக்காகத் தன் முதல் தொகுதியைப் பதிக்கச் செலவிட்டது 606 டொலரும் சில சதங்களுமே. 1996இல் ஆர்.ஈ.எம். வார்னருடன் செய்த மறு ஒப்பந்தத்தை ஏறத்தாழ 8 கோடி டொலர் என்று செய்தித்தாள்கள் மதிப்பிட்டன.

இதைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? ஓசை வென்றது, வலை தோற்றது. அந்தக் கிதாரின் கரகரப்பையும் குரலின் சலிப்பையும் கம்பனிகள் பிரதியெடுத்து விற்றன. ஆனால் சிறுகடை, சிற்றிதழ், மாணவர் வானொலி, நியாய விலை ஆகியவற்றைப் பிரதியெடுக்க அவற்றுக்கு விருப்பமில்லை. விலைபோகாமல் நின்றோரும் உளர். வாஷிங்டன் நகரத்து ஃபுகாசி குழு, தன் உறுப்பினர் ஒருவர் 1980இல் நண்பரோடு சேர்ந்து நிறுவிய டிஸ்கோர்ட் லேபிளிலேயே இறுதிவரை நிலைத்தது. நிகழ்ச்சிக்கு 5 டொலர் அளவிலேயே கட்டணம் வைத்தது, எவ்வயதினரையும் அனுமதித்தது. கம்பனிகள் அழைத்தும் செல்லவில்லை. ஆகவே விலைபோதல் விதியன்று. கருவியைத் தம் கையில் வைத்திருந்தோர் அதைத் தவிர்க்க முடிந்தது.

* * *

அதே ஆண்டுகளில் நம் தீவின் நிலை யாது? 1987இல் உள்நாட்டில் தனியார் வானொலி கிடையாது; இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குரலே நாட்டின் குரலாயிருந்தது. அமெரிக்காவில் பணம் பூட்டிய கதவை இங்கே அரசு பூட்டியிருந்தது. ஆனால் 1977க்குப் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டதாலும், மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோர் கொண்டுவந்ததாலும் ஒலிநாடாக் கருவி சிற்றூர் வீடுகளையும் எட்டியது. வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே செய்யும். நாடாக் கருவியோ பதிக்கவும் படியெடுக்கவும் வல்லது. தெற்காசியாவில் பாட்டின் உற்பத்திச் சாதனம் முதன்முறையாகச் சாமானியர் கைக்கு வந்தது அந்நாடாவினால்தான்.

1987இல் சிங்களப் பாடகி நந்தா மாலனி, சுனில் ஆரியரத்னவின் பாடல்களைக் கொண்டு ‘பவன’ என்ற தொகுதியை வெளியிட்டார். அப்பெயரிலேயே மேடை நிகழ்ச்சிகளையும் ஊரூராக நடத்தினார். ஏழ்மையையும் ஆட்சியாளரின் அநீதியையும் நேரே சுட்டிய அப்பாடல்கள் அரச வானொலியில் தடைசெய்யப்பட்டன. தடைக்குப் பின்னும் அவை நாடாவில் சுழன்றன, மேடையில் ஒலித்தன. அமெரிக்க மாணவரின் 10 வாட் நிலையம் செய்த வேலையை இங்கே ஒரு சிறு பிளாஸ்டிக் பேழை செய்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழகத்திலும், இன்குலாபின் பாடல் கே. ஏ. குணசேகரனின் குரலில் மேடை மேடையாகச் சென்று, ஒடுக்கப்பட்டோரும் மனிதரே என முழங்கியது.

ஆயினும் ஒரு துயரத்தைச் சொல்லாமல் விடலாகாது. 1987 முதல் 1989 வரை தென்னிலங்கையும் ஊவாவின் சிங்களக் கிராமங்களும் கிளர்ச்சியாலும் அதை அடக்கிய அரச பயங்கரத்தாலும் குருதியில் நனைந்தன. ‘பவன’ பேசிய ஏழ்மை கிராமத்திலும் உண்டு. மேலே லயத்திலும் உண்டு. ஆனால் அக்கிளர்ச்சியை நடத்திய ஜே.வி.பி., ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்ற தன் வகுப்பில் தோட்டத் தமிழரை அந்நியரின் கருவியாகக் கற்பித்திருந்தது. 1983 ஜூலையின் தீ பதுளை நகரிலும் எரிந்தது. அதன் நினைவு ஆறாத நாட்கள் அவை. ஒரே மலையின் மேலும் கீழும் வாழ்ந்தோர் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்கவில்லை. நாடா மொழியின் வேலியைத் தாண்டவில்லை. கருவி கைக்கு வந்தும், அதைக் கேட்கும் உறவு இல்லையேல் பயன் பாதியே.

* * *

இனி, நாம் தொடக்கத்தில் குறித்த அரை நூற்றாண்டுக்கு முந்திய விடைக்கு வருவோம். தோட்டத்துக்குள் அந்நியர் நுழைவது அத்துமீறல் எனச் சட்டம் தடுத்திருந்த காலம் அது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளர் நிலையை அறிந்தார். பத்திரிகை நடத்தினார், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களில் பாடினார், எழுதினார், இந்தியத் தொழிலாளரின் இலங்கை வாழ்வு பற்றிய தம் பாடல்களை 1940இல் சிறு நூலாக வெளியிட்டார்.

இதன் பொருளை நாம் இன்னும் சரியாக உணரவில்லை. பாடல்களைத் தாமே இயற்றி, தாமே அச்சேற்றி, தாமே பாடி, தாமே கொண்டு சென்றனர். மெட்டுகள் மக்கள் ஏற்கனவே அறிந்தவை. ஆகவே எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டால் பாட இயலும். பேச்சாளரை வாயிலில் நிறுத்தலாம்; பாட்டை நிறுத்த எந்தத் துரைக்கும் இயலாது. அது கொழுந்துக் கூடையோடு மலையேறும். மாலையில் லயத்துக்குத் திரும்பும். அமெரிக்க இளைஞர் 1980களில் கண்ட வலையை 1930களில் நம் தோட்டங்கள் கண்டிருந்தன என்பது மிகையன்று.

அக்காலத்தின் எழுச்சிக்கு ஊவாவே சான்று. 1940இல் பதுளையின் வேவஸ்ஸ தோட்டத்தில் சமசமாஜிகளின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்கெனத் தேர்ந்தெடுத்த சபையொன்றை அமைத்தனர். அச்சபையைக் கலந்தே செயற்படுவதாகத் துரை ஒப்பினார். அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்தனர். பெருவெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் நாட்டினின்று துண்டித்த வேளையில் அடக்குமுறை அவ்வெழுச்சியை முறியடித்தது. எட்டாண்டுகளின் பின், 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் உடன்படிக்கை அவர்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது. பாடத் தெரிந்த எத்தனையோ முதியோர் தலைமன்னாரில் கப்பலேறினர். நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டமொன்று 1988இல் வந்தது. கல்லூரி ராக்குக்குப் பட்டியல் கிடைத்த அதே ஆண்டில்தான் நம் மக்களிற் பலருக்குத் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் காணும் வழியே பிறந்தது.

இந்நிலையில் மக்கள் பாடல்களைக் காத்தவர்கள் எழுத்தாளர்களே. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. நடேசய்யரின் வரலாற்றைச் சாரல் நாடன் 1988இல் நூலாக்கினார். இவை பெருந்தொண்டு. எனினும் ஏடு சொல்லைக் காக்கும், மெட்டைக் காக்காது. காமன் கூத்தில் தப்பு எவ்வாறு நடை மாறுகிறது என்பதை எந்த அச்சுக்கூடமும் அச்சிட இயலாது.

அத்தப்பின் வரலாறே நம் கேள்விக்கு உரை. அக்காலத்தில் விடியுமுன் அடித்து ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு. அதே தப்புதான் காமன் கூத்தில் ஆடவைத்தது. சாவு வீட்டில் அழவைத்தது. அதை அடித்த கலைஞனைச் சாதியின் பெயரால் விலக்கி நிறுத்தியதும் நம் சமுதாயமே. தோல் ஒன்று, குச்சி ஒன்று, கையும் ஒன்று. அடிக்கச் சொன்னவர் யார் என்பதே வேறு. கருவிக்குத் தனியே அறமில்லை. உடைமையாளனின் அறமே அதன் அறம்.

* * *

இன்று ஒவ்வொரு லயத்திலும் பதிவுக் கருவி உண்டு. இளைஞர் கையிலுள்ள தொலைபேசி, மினிட்மென் குழுவினர் வாடகைக்கு எடுத்த நிலையம் செய்த வேலையில் பெரும்பகுதியைச் செய்யவல்லது. ஆனால் அப்பதிவை உலகுக்குக் காட்டும் தளங்கள் சில பெருங்கம்பனிகளின் உடைமை. 1988இல் பட்டியல் போட்ட கை இன்று கணிப்பொறியின் வழியே பட்டியல் போடுகின்றது. ஆகவே பதிப்பது மட்டும் போதாது. வலை வேண்டும்.

அதை அமைக்கத்தக்கவர் ஊவாவின் ஆசிரியரும் மாணவருமே. பசறையிலும் மடூல்சீமையிலும் நமுனுகுலையிலும் இன்னும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் நினைவில் வைத்திருக்கும் மூதாட்டிகள் உளர். ஒரு பள்ளி ஒரு தோட்டத்தை ஏற்கலாம். பாடியவரின் பெயரையும், அவர் யாரிடம் அப்பாட்டைக் கற்றார் என்பதையும் முதலில் எழுதவேண்டும். செக்ரோலில் மட்டும் இருந்த பெயர் பாட்டின் மேலும் இருக்கட்டும். பதிவின் ஒரு பிரதி அத்தோட்டத்திலேயே தங்கவேண்டும். வெளியிடுவதா, என்ன விலைக்கு, யாருக்கு என்பதைப் பாடியவரே சொல்லவேண்டும். கணக்கேடு அவர் முன்னே திறந்திருக்கவேண்டும். பாட்டின் பொருளைச் சிங்களத்திலும் எழுதிக் கீழ்க்கிராமத்துப் பள்ளிக்கும் கொடுக்கவேண்டும். அவர்களின் பாட்டையும் கேட்டு வரவேண்டும்.

இது பெரிய செலவுள்ள காரியமன்று. 606 டொலரும் தேவையில்லை. ஒரு சிற்றேட்டை அச்சிட்டு மலையெங்கும் பாடிச் சென்ற பெண்மணியின் வழிவந்தோர் நாம். கொழுந்தின் மேல் பிறர் பெயர் ஒட்டப்பட்டதைத் தடுக்க நம் முன்னோர்க்கு இயலவில்லை. பாட்டின் மேலும் அவ்வாறு ஒட்டப்படாமல் காப்பது நம் கையில் இருக்கின்றது.